தோள்வலியை எதைக் கொண்டு அளப்பது?



ஆண்டறிக்கையில் "தோள்வலிக்குச் சிகிச்சை பெற்றவர்களில் பெரும்பாலோர் நலமடைந்தனர்" என்று ஒரு வரி வந்தால், தாங்கள் அதை வாசித்து மகிழ்ந்து அடுத்த பக்கத்திற்குச் சென்றுவிடுவீர்கள். நானும் பல வருடங்கள் அப்படித்தான் வாசித்தேன். அந்த ஒரு வரி எங்கிருந்து வருகிறது, அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை இம்முறை தங்களுக்கு விளக்கிச் சொல்ல விரும்புகிறேன்.

நான் வைத்தியம் படித்தவனல்ல; இறையியல் கல்லூரியில் படித்துப் போதகரானவன். ஆனால் நமது பிசியோதெரபி அறைக்கு வருகிறவர்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கேள்விப் படிவத்தை வாசித்துக் காட்டி, அவர்கள் சொல்லும் விடையைக் குறித்துக்கொடுக்கும் வேலை சில காலம் என்னிடம் இருந்தது. அங்கே பட்ட அனுபவமும், பிறகு மருத்துவர்களிடம் கேட்டும் வாசித்தும் அறிந்துகொண்டவையுமே இக்கட்டுரை.

மலையும் தோளும்

ஜமுனாமரத்தூருக்கு வந்து சென்ற நண்பர்கள் இந்த ஜனங்களின் உழைப்பைக் கண்ணால் கண்டிருப்பீர்கள். சாமைக் கொல்லையில் வேலை, தலையில் சும்மாடு வைத்து விறகுக் கட்டு, இடுப்பிலும் தலையிலும் தண்ணீர்க் குடம், புளிய மரத்தடியில் நின்று துறட்டி பிடித்து இழுத்தல், வீட்டில் உரலும் உலக்கையும். ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் அன்றாட ஜீவியம் பெரும்பாலும் தோளை நம்பியே நடக்கிறது. தோள் விழுந்தால் கூலி விழும். அடுப்புக்கு விறகு வராது.

தோள் மூட்டு நமது உடம்பிலேயே அதிகமாய் அசையும் மூட்டு. அதற்காக அது கொடுக்கும் விலையும் அதிகம். எலும்புப் பந்து பெரிது, அது பொருந்தும் கிண்ணமோ ஆழமில்லாதது. ஆகவே சுற்றியுள்ள தசைநார்களே அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. அவை தேயலாம், கிழியலாம். மூட்டைச் சுற்றிய உறை இறுகிப்போய்க் கை மேலே எழும்பாமல் நிற்கலாம். இதை ஃப்ரோசன் ஷோல்டர் என்பார்கள், சர்க்கரை வியாதிக்காரருக்கு இது அதிகமாய் வருகிறது. கழுத்திலிருந்து இறங்கும் வலியும் தோள்வலி போலவே தோன்றும். இடது தோளில் திடீரென்று வரும் வலி சில வேளைகளில் இருதயத்தின் எச்சரிப்பாகவும் இருக்கும். இவற்றில் எது என்று கண்டுபிடிப்பது மருத்துவரின் வேலை. கேள்விப் படிவம் அதைச் செய்யாது. வலி ஒருவரின் வாழ்க்கையை எவ்வளவு முடக்கியிருக்கிறது, சிகிச்சைக்குப் பின் அது எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்பதை அளப்பதே படிவத்தின் வேலை.

எக்ஸ்ரே அதைச் சொல்லிவிடாதா என்று கேட்கலாம். சொல்லாது. வயதானவர்களில் தசைநார் கிழிந்தும் வலியே அறியாதவர்கள் உண்டு. படத்தில் ஒன்றுமில்லை என்றிருக்க, இரவெல்லாம் தூங்காமல் உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு. நமது மலையிலேயே காவலூரில் வானாய்வுக் கூடம் இருக்கிறது. அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு 1986-இல் வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்டது. கண்ணுக்கு எட்டாத நட்சத்திரத்தின் ஒளியை அது அளந்துவிடுகிறது. ஆனால் நம் முன்னால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒரு தாயாரின் வலியை அளக்க, அவரையே கேட்பதைத் தவிர வேறு வழி இன்றுவரை இல்லை. ஆகவே கேட்கிற கேள்வி சரியாயிருக்க வேண்டும்.

பதின்மூன்று கேள்விகள்

தோளுக்கென்று உலகத்தில் பல படிவங்கள் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டு படிவம் 1996-இல் வந்தது, 12 கேள்விகள் கொண்டது. அதே ஆண்டில் வட அமெரிக்காவில் வெளிவந்த டாஷ் என்னும் படிவம் தோள், முழங்கை, கை முழுவதையும் பற்றி 30 கேள்விகள் கேட்கும். இவற்றுக்கு முன்னதாக 1991-இல் கேத்ரின் ரோச் என்னும் அம்மையாரும் அவருடன் பணியாற்றியவர்களும் அமெரிக்காவில் உண்டாக்கியது ஸ்பாடி. அதில் 13 கேள்விகள். வலியைப் பற்றி 5, வேலை செய்யும் சிரமத்தைப் பற்றி 8. இப்போது பெரும்பாலும் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை எண் சொல்லச் சொல்கிறார்கள். முடிவில் 100-க்கு இத்தனை என்று கணக்கு வரும். எண் ஏற ஏறத் துன்பம் அதிகம்.

சிரமத்தைப் பற்றிய எட்டுக் கேள்விகள் எவை? தலைமுடி கழுவுவது, முதுகு தேய்ப்பது, தலைவழியாகப் போடும் உள்சட்டை அணிவது, முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை அணிவது, பேன்ட் போடுவது, உயரமான தட்டில் ஒரு பொருளை வைப்பது, ஏறக்குறைய நாலரை கிலோ சுமப்பது, பேன்ட்டின் பின்பாக்கெட்டிலிருந்து ஒரு பொருளை எடுப்பது.

இந்தக் கடைசிக் கேள்வியை நான் வாசித்தபோது எதிரே இருந்தவர் அறுபது வயதைக் கடந்த ஒரு தாயார். "பின்பாக்கெட்டுல இருந்து எடுக்கறப்ப எவ்வளவு சிரமம்மா?" என்று கேட்டுவிட்டேன். அவர் தம் சேலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எனக்கு ஏதுங்கய்யா பாக்கெட்டு? காசு இருந்தா முந்தானையில முடிஞ்சி வப்பேன்" என்றார். அறையில் எல்லாரும் சிரித்தோம். சிரித்து முடிந்ததும் படிவத்தில் என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. சிரமமில்லை என்று எண்ணி 0 போட்டேன். "பேன்ட் போடுவது" என்பதற்கும் 0. "பொத்தான் சட்டை" என்பதற்கும் 0.

அந்தப் படிவம் முதன்முதலில் சோதிக்கப்பட்டது 37 நோயாளிகளிடம் என்றும், அவர்கள் அனைவரும் ஆண்கள் என்றும் பின்னால்தான் அறிந்துகொண்டேன். படிவத்தை உண்டாக்கியவர்கள்மேல் நான் குறை சொல்லவில்லை. அவர்கள் தங்கள் முன்னால் இருந்தவர்களின் ஜீவியத்தைக் கேட்டார்கள். அதை அப்படியே எடுத்து நமது மலைத் தாயாரிடம் கேட்டது என் தவறு.

மூன்று பூஜ்ஜியம் செய்யும் அநியாயம்

இது வெறும் வேடிக்கையல்ல என்று காட்ட ஒரு சிறு கணக்குப் போடுகிறேன். ஒரு தாயாருக்குப் பொருந்தும் கேள்விகள் ஐந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் அவர் 8 என்று சொல்லுகிறார். கூட்டினால் 40. ஐந்து கேள்விக்கு அதிகபட்சம் 50. ஆகவே அவருடைய சிரமம் 100-க்கு 80. இதுவே உண்மை.

பொருந்தாத மூன்று கேள்விகளுக்கும் என்னைப்போல 0 போட்டால், அதே 40-ஐ எட்டுக் கேள்விக்குரிய 80-ஆல் வகுக்க நேரிடும். விடை 50. அவர் வாழ்நாளில் அணியாத ஒரு பேன்ட் அவருடைய துன்பத்தில் 30 புள்ளியைத் தின்றுவிட்டது. இன்னாருக்கு முதலில் ஊசி போட வேண்டும், இன்னாரை வேலூருக்கு அனுப்ப வேண்டும் என்று எண்ணை வைத்துத் தீர்மானிக்கும் இடமானால், இந்தத் தாயார் வரிசையில் பின்னால் தள்ளப்படுவார். அவருக்கு அது தெரியவும் தெரியாது.

படிவத்தின் முறையான விதி வேறு. பொருந்தாத கேள்வியை விட்டுவிட்டு மீதியை வைத்துக் கணக்கிட வேண்டும். இரண்டு கேள்விகளுக்கு மேல் விடுபட்டால் மதிப்பெண்ணே போடக்கூடாது. நமது தாயாருக்கோ மூன்று விடுபடுகின்றன. அப்படியானால் விதிப்படி அவருக்கு எண்ணே இல்லை. ஒன்று பொய்யான எண், அல்லது எண்ணே இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவே வழி தேட வேண்டுமானால் படிவத்தையே சோதித்துப் பார்க்க வேண்டும்.

படிவத்தைச் சோதிப்பது எப்படி?

கடைத்தராசுக்கு முத்திரை வைப்பதுபோலக் கேள்விப் படிவத்துக்கும் சோதனைகள் உண்டு. இதற்கான பொதுவான அளவுகோல்களைப் பல நாட்டு நிபுணர்கள் நெதர்லாந்து நாட்டவர் முன்னின்று நடத்திய காஸ்மின் என்னும் முயற்சியில் கூடி ஆராய்ந்து 2010-இல் வெளியிட்டார்கள். அவற்றை நமக்குப் புரியும்படி ஐந்தாகச் சொல்லுகிறேன்.

முதலாவது, கேட்க வேண்டியதைக் கேட்கிறதா? நோயாளியின் ஜீவியத்தில் எது முக்கியமோ அது படிவத்தில் இருக்க வேண்டும், இல்லாதது இருக்கக்கூடாது. டாஷ் படிவத்தில் கோல்ஃப், டென்னிஸ் போன்ற விளையாட்டுகளை உதாரணமாகக் காட்டும் கேள்வி இருக்கிறது. விறகுக் கட்டைத் தலைக்கு ஏற்றுவது, உலக்கை பிடிப்பது, கொண்டை முடிவது ஆகியவை இல்லை. 2018-இல் காஸ்மின் குழுவினர் தங்கள் வழிமுறையைப் புதுப்பித்தபோது, எல்லாச் சோதனைகளிலும் இதுவே தலையானது என்று வலியுறுத்தினார்கள். நோயாளிகளையே கூப்பிட்டு, "இந்தக் கேள்வி விளங்குகிறதா? உங்களுக்குப் பொருந்துகிறதா? எதையாவது விட்டுவிட்டோமா?" என்று கேட்பதுதான் இதற்கு வழி.

இரண்டாவது, மாறாத நோயாளிக்கு மாறாத எண் வருகிறதா? வலி கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்றால் சில நாள் கழித்துக் கேட்டாலும் ஏறக்குறைய அதே விடை வர வேண்டும். காலையில் ஒரு கிலோ, மாலையில் முக்கால் கிலோ காட்டும் தராசை யார் நம்புவார்? இந்த ஒற்றுமையை 0 முதல் 1 வரை ஓர் எண்ணால் குறிப்பார்கள், 0.70-க்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. ஸ்பாடி முதல் ஆய்வில் பெற்றது 0.64 முதல் 0.66 வரைதான். பின்னாளில் வேறு நோயாளிகளிடம் செய்த பல ஆய்வுகளில் 0.89-க்கு மேல் பெற்றது. ஆகவே ஒரே ஓர் ஆய்வைப் பார்த்துத் தள்ளவும் கூடாது, கொள்ளவும் கூடாது.

மூன்றாவது, உண்மையிலேயே தோளின் துன்பத்தைத்தான் அளக்கிறதா? ஒத்துப்பார்க்கத் தங்கத்துக்கு உரைகல் இருப்பதுபோல வலிக்கு உரைகல் இல்லை. ஆகவே முன்கூட்டியே எதிர்பார்ப்புகளை எழுதிவைத்து ஒப்பிடுவார்கள். கை குறைவாய் எழும்புகிறவருக்கு எண் கூடுதலாய் வர வேண்டும். கால்வலிப் படிவத்தோடு அவ்வளவாய் ஒத்துப்போகக் கூடாது. எதிர்பார்த்தபடி வந்தால் நம்பிக்கை வளரும். முடிவைப் பார்த்த பிறகு எதிர்பார்ப்பை எழுதினால் அது சோதனை ஆகாது.

நான்காவது, மாற்றத்தைக் காட்டுகிறதா? நோயாளி நலமடையும்போது எண்ணும் இறங்க வேண்டும். ஸ்பாடியில் ஏறக்குறைய 8 முதல் 13 புள்ளிகள் இறங்கினால்தான் நோயாளி உணரத்தக்க மாற்றம் என்று ஆய்வுகள் சொல்லுகின்றன. ஒரு தனி மனிதரைப் பொறுத்தவரை அதைவிடக் கூடுதலாய் இறங்கினால்தான் அளவின் பிழையைத் தாண்டியது என்று உறுதியாய்ச் சொல்லலாம். எனவே 62 என்பது 58 ஆனதைக் கண்டு "முன்னேற்றம்" என்று எழுதுவது அவசரம்.

ஐந்தாவது, மேலும் கீழும் இடம் இருக்கிறதா? நூறு பேரில் 15 பேருக்கு மேல் கடைசி எண்ணிலேயோ முதல் எண்ணிலேயோ போய் முட்டிக்கொண்டால், அந்தப் படிவம் அவர்களுக்குள் வித்தியாசம் காட்டாது. உச்சியில் இருப்பவர் மேலும் மோசமானாலும் அதற்கு எண் இல்லை.

இப்படியெல்லாம் சோதித்தால் எந்தப் படிவம் தேறும்? ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் 2004-இல் தோளுக்கான 16 படிவங்களை ஒப்பிட்டு வெளியிட்டார்கள். டாஷ் முதலிடம் பெற்றது. ஆனால் எல்லாச் சோதனையிலும் திருப்தியாய்த் தேறிய படிவம் ஒன்றுகூட இல்லை. பெரிய பல்கலைக்கழகங்களின் படிவங்களுக்கே இந்த நிலை என்றால், அவசரத்தில் நாமே தட்டச்சு செய்து உருளச்சடித்துக்கொள்ளும் படிவத்தைப் பற்றி என்ன சொல்ல!

தமிழுக்கு வந்த கதை

ஸ்பாடி தமிழிலும் இருக்கிறது. அதைத் தமிழுக்குக் கொண்டுவந்து சோதித்த ஆய்வு 2012-இல் ஹாங்காங் பிசியோதெரபி ஜர்னலில் வெளியானது. மூலப் படிவத்தை உண்டாக்கிய ரோச் அம்மையாரும் அதை எழுதியவர்களில் ஒருவர். இது நமக்கு மெய்யாகவே நற்செய்தி.

வேதத்தை மொழிபெயர்ப்பவர்களைப் பற்றித் தாங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். நோயாளிப் படிவத்தை மொழிபெயர்ப்பதிலும் அந்த அளவுக்குப் பயபக்தி வேண்டும் என்பது எனக்குப் புதுச்செய்தி. 2000-ஆம் ஆண்டில் வெளியான வழிமுறையின்படி, முதலில் இருவர் தனித்தனியே மொழிபெயர்க்க வேண்டும். இரண்டையும் இணைத்து ஒன்றாக்க வேண்டும். பிறகு மூலத்தை அறியாத வேறு இருவர் அதைத் திரும்ப மூல மொழிக்குக் கொண்டுபோக வேண்டும். குழு ஒன்று உட்கார்ந்து வேறுபாடுகளைத் தீர்க்க வேண்டும். அதன்பின் 30 முதல் 40 நோயாளிகளிடம் கொடுத்து விளங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இத்தனைக்கும் பிறகே மேலே சொன்ன ஐந்து சோதனைகள்.

ஆனாலும் ஒன்றை மறக்கலாகாது. முத்திரை வைத்தது படிவத்துக்கு மட்டுமல்ல. இன்னாரிடம், இன்ன விதமாய்க் கேட்டால் என்பதற்கும் சேர்த்துத்தான். தானே வாசித்துத் தானே எழுதுகிறவரிடம் தேறிய படிவம், வாசித்துக் காட்டக் கேட்டு வாயால் விடை சொல்லுகிற மலைத் தாயாரிடமும் தேறும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அதைத் தனியே பார்க்க வேண்டும். 0 முதல் 10 என்பதே இங்கே பலருக்கு அந்நியம். "வலிக்குதுன்னா வலிக்குது, அதுக்கு என்னங்கய்யா நம்பரு?" என்று கேட்பார்கள். ஆனால் அதே வாய் "ரூவாய்க்கு எட்டணா தேவலை" என்று சரளமாய்ச் சொல்லும். அளவு அவர்களிடம் இருக்கிறது, நம் அளவுதான் அவர்களுக்குப் பழக்கமில்லை. அணாவிலே கேட்கலாமே என்று நான் ஆவலாய்ச் சொன்னபோது, நமது மருத்துவர் பொறுமையாய் விளக்கினார்: "கேட்கலாம் ஐயா. ஆனால் அது புதுத் தராசு. முதலில் அதையும் சோதிக்க வேண்டும். இல்லாவிட்டால் வேறு இடத்து எண்ணோடு ஒப்பிட முடியாது."

கேட்கிறவர் யார்?

கடைசியாக, என்னைப் பற்றிய ஒரு காரியத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஒரு நாள் காலையில், ஆறு வாரம் சிகிச்சைக்கு வந்து முடித்த ஒரு தாயாரிடம் படிவத்தை வாசித்தேன். "பரவாயில்லைங்கய்யா, ரொம்பக் குறைஞ்சிருக்கு" என்றார். தலை கழுவ 3 என்று குறித்தேன். மனமெல்லாம் சந்தோஷம். அரை மணி நேரம் கழித்து வெளியே புங்க மரத்தடியில் அவர் நமது உதவிப் பணிப்பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "தலைக்குத் தண்ணி ஊத்திக்க இன்னும் மருமவதான் வரணும். ஐயா அவ்ளோ பிரியமா கேக்கறாரு, எப்படி இல்லேன்னு சொல்றது?" பணிப்பெண் மறுபடியும் கேட்டபோது அதே கேள்விக்கு அவர் சொன்ன எண் 7.

அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. நான் அவருக்காக ஜெபித்தவன், அவர் பேரப்பிள்ளைக்குப் பெயர் வைத்தவன். என் முகத்தைப் பார்த்து "இன்னும் வலிக்கிறது" என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. அவருடைய அன்பையே நான் பொய்க் கணக்காக்கிவிட்டேன். எத்தனை படிவங்களில் இப்படி எழுதினேனோ! அவற்றில் சில எண்கள் தங்கள் கைக்கு வந்த அறிக்கையிலும் சேர்ந்திருக்கலாம். அதற்காகத் தங்களிடம் வருத்தம் தெரிவிக்கிறேன்.

மறுநாள் மருத்துவரிடம் சொல்லி அந்த வேலையிலிருந்து விலகிக்கொண்டேன். இப்போது சிகிச்சையில் நேரடிப் பங்கில்லாத ஒரு பெண் பணியாளர் அந்த வேலையைச் செய்கிறார். எல்லாரிடமும் ஒரே வார்த்தைகளை வாசிக்கிறார். விளங்கவில்லை என்றால் மறுபடியும் அதையே வாசிக்கிறார். தாமாக விளக்கம் சேர்ப்பதில்லை. பொருந்தாத கேள்விக்கு 0 போடாமல் "பொருந்தாது" என்று தனியே குறிக்கிறார். மூன்று "பொருந்தாது" வந்தால் மதிப்பெண் போடாமல், கை எவ்வளவு எழும்புகிறது என்பதையும், அந்தத் தாயாருக்கு எந்த மூன்று வேலைகள் முடியவில்லை என்பதையும் மருத்துவர் தம் குறிப்பில் எழுதிக்கொள்கிறார். இது முழுத் தீர்வல்ல. ஆனால் இல்லாத எண்ணை உண்டாக்குவதைவிட மேல்.

தாங்கள் செய்யக்கூடியது

பிரியமான நண்பர்களே, நமது அறிக்கையிலோ வேறெந்த ஸ்தாபனத்தின் அறிக்கையிலோ இத்தனை பேர் நலமடைந்தார்கள் என்று வாசிக்கும்போது, தயவுசெய்து நான்கு கேள்விகள் கேளுங்கள். எந்தப் படிவத்தைக் கொண்டு அளந்தீர்கள்? இந்த ஜனங்களிடம், இந்த மொழியில் அது சோதிக்கப்பட்டதா? கேட்டது யார்? எத்தனை பேருடைய விடை கணக்கில் சேரவில்லை? இப்படிக் கேட்பது சந்தேகப்படுவது ஆகாது. தாங்கள் உண்டியலில் சேர்த்து அனுப்பும் காணிக்கைக்கு அந்தக் கேள்வி கேட்கும் உரிமை உண்டு.

இனி நமது அறிக்கையில் வரும் எண்ணிக்கை முன்னைவிடச் சிறியதாகத் தோன்றலாம். சிகிச்சை கெட்டுப்போனது என்று எண்ணிவிட வேண்டாம். தராசு சற்றுச் சரியாகியிருக்கிறது, அவ்வளவுதான். புங்க மரத்தடித் தாயார் மறுபடியும் சிகிச்சைக்கு வந்துகொண்டிருக்கிறார். படிவம் நிரப்பும் அறைக்குள் நான் போவதில்லை. அவர் வெளியே வந்தபின் பெஞ்சில் அவர் அருகே உட்கார்ந்து, எண் எதுவும் கேட்காமல், பேரப்பிள்ளையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பேன். போன வாரம் அவராகவே கையைத் தூக்கிக் காட்டினார். காதுவரை வந்தது. "இவ்ளோதாங்கய்யா" என்றார். அது மெய்யான கணக்கு.



மருத்துவமனைப் போதகர்,
ஜமுனாமரத்தூர்